பாறைக்கு முகம் வந்த கதை

ஒரு காட்டில் செல்போன் டவர்கூட வந்துவிட்டது. சாமிதான் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே காத்தாயி என்றொரு பன்றி இருந்தாள். அவளுக்கு முதுகில் தீராத சொறி. சேற்றில் புரண்டுவிட்டு, ஓடைக்கரைப் பாறையில் முதுகைத் தேய்த்தால்தான் போன உயிர் திரும்பி வரும்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த அனந்தரங்கம் என்ற குரங்கு, பாறையில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தது. இரண்டு கண், ஒரு மூக்கு, லேசான புன்னகை. "சுயம்பு!" என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்தது. விழுந்த வாக்கிலேயே ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் படம் காடு முழுக்கப் பரவிவிட்டது. கூரை வந்தது. ஒலிபெருக்கி வந்தது. மான்களுக்குச் சிறப்பு தரிசனம், மற்றவர்களுக்குப் பொது வரிசை. அனந்தரங்கம் பூசாரியானது; அன்றிலிருந்து 'அது' போய் 'அவர்' ஆகிவிட்டார்.

விவரம் தெரியாமல் காத்தாயி வழக்கம்போல வந்தாள். காவலுக்கு நின்ற நரி கம்பைக் குறுக்கே நீட்டியது.

"எங்க வர்றே?"

"முதுகு அரிக்குதுங்க. ஒரு தேய் தேச்சுட்டுப் போயிடறேன்."

"அடிப்பாவி, சாமி மேலயா? சேத்துல புரள்றவ நீ. உன் நிழல் பட்டாலே தீட்டு."

"பாறையில இருக்கறதே என் முதுகுச் சேறுதாங்க!"

வரிசையில் நின்ற மானுக்கு மயக்கமே வந்துவிட்டது. "என் மனசு புண்பட்டுப்போச்சு!" என்று ஒரு முயல் தேம்பியது. முந்தின வாரம் அதன் தம்பியை நரி தின்றபோதுகூடப் புண்படாத மனசு.

காத்தாயியை ஓடைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். அங்கே பாறையே கிடையாது. முள்மரத்தில் தேய்த்துத் தேய்த்து முதுகு ரணமாகிவிட்டது.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. சாமியின் முகம் கரைந்து ஓடையோடு போனது. அனந்தரங்கம் அவசரமாகத் திரை போட்டு, "சாமி தியானத்தில் இருக்கிறார்" என்று அறிவித்தார். தானே சேற்றை அள்ளிப் பூசிப் பார்த்தார். எப்படிப் பூசினாலும் குரங்கு முகமே வந்தது. வேறு வழியில்லாமல் ஓடையைத் தாண்டிப் போனார்.

"காத்தாயிம்மா, சௌக்கியமா?"

"முதுகெல்லாம் ரணமாயிடுச்சு சாமி."

"நம்ம பாறை இருக்கறப்போ என்ன கவலை? பின்பக்கமா வந்து தேச்சுட்டுப் போ. யார்கிட்டயும் மூச்சு விடாதே. நீ போனதும் நாங்க தீட்டுக் கழிச்சுக்கறோம்."

"முன்பக்கமா வந்தா என்ன சாமி?"

"நான் வித்தியாசம் பாக்கறவனாம்மா? ஜனங்க மனசுன்னு ஒண்ணு இருக்கே!"

முடியாது என்று சொல்லத்தான் காத்தாயி வாயெடுத்தாள். ஆனால் மனசைவிட முதுகு அதிகமாக எரிந்தது. போனாள். கண்ணை மூடிக்கொண்டு ஆசைதீரத் தேய்த்தாள். சுகத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவள் ஓடையைத் தாண்டுவதற்குள் திரை விலகியது. "அற்புதம்! சாமி புது முகத்தோடு எழுந்தருளிவிட்டார்!" என்று ஒலிபெருக்கி அலறியது. காடே தரையில் விழுந்தது.

காத்தாயியும் அக்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பாறைக்கு முதுகையே காட்டிப் பழகியவள், அதை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என்ன அழகு, என்ன கருணை! அவளுக்கு மெய்சிலிர்த்தது.

"அடுத்த பிறவியிலாவது என்னை மானாப் படைச்சிடு சாமி" என்று கும்பிட்டாள்.

"கும்பிடறதை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு கும்பிடு" என்றது நரி.

நீதி: சாமியை யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம், கிட்டே போய்க் கும்பிடுவதற்குத்தான் தகுதி வேண்டும்.