பந்தலில் ஏறிய கரண்டும் டெஸ்டர் அண்ணனும்

ஒரு சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தல் முழுவதும் கரண்ட் ஏறியது. நாலு பத்தொன்பது வரைக்கும், டெஸ்டரைப் போலத் தொந்தரவான மனிதர் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்றுதான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிணற்று மோட்டார் மெக்கானிக். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரைச் சட்டைப்பையில் எப்போதும் செருகியிருந்ததால் ஊருக்கே அவர் டெஸ்டர். பஸ்ஸில் ஏறினால் கைப்பிடிக் கம்பியில் அதை வைத்துப் பார்ப்பார். கல்யாண வீட்டில் குத்துவிளக்கில் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை, குளித்துவிட்டு ஈரத்தோடு நின்ற எங்கள் எருமையின் கொம்பில் வைத்துப் பார்த்தார். எருமைக்கே அது பிடிக்கவில்லை.

சூட்டையும் அவர் நம்பவில்லை. எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தால் தொடமாட்டார். அது சூட்டை அப்படியே கைக்குக் கொண்டுவந்துவிடுமாம், கண்ணாடி கிளாஸ்தான் வேண்டுமாம். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் என் தோசைத்திருப்பியின் கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டார். ஒரு வாரம் எங்கள் தோசையில் டயர் வாசனை. என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அவருக்கு மோட்டார் ஓடவேண்டுமே.

பந்தலுக்கு அடியில் கொத்து நறுக்க வைத்திருந்த இரும்பு ஸ்டூலும் தப்பவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மர ஸ்டூல் ஒன்றுக்கு நாலு காலிலும் டியூபால் பூட்ஸ் மாட்டிக் கொண்டுவந்தார். எளிதிற்கடத்தி, அரிதிற்கடத்தி என்று எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடும் எனக்கே சிரிப்பு வந்தது.

அன்று ஆடிக்காற்று. எங்கள் பத்து வயது மகள் அந்த மர ஸ்டூலில் நின்று, ஒரு கையால் பந்தல் கம்பியைப் பிடித்தபடி பழம் தின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் பாய்ந்து தரை சொதசொதவென்று கிடந்தது. மோட்டார் ரூமிலிருந்து காவல் குடிசை பல்புக்குப் போகும் ஒயர் அறுந்து பந்தலில் விழுந்தது. பொறி பறந்தது. கல்தூண்களுக்கு மேல் ஏக்கர் முழுக்க ஒன்றோடொன்று பின்னிய கம்பி. எந்த மூலையில் விழுந்தாலும் எல்லா மூலையிலும் விழுந்த மாதிரிதான்.

“அம்மா, கை விறுவிறுங்குது” என்றாள்.

படித்ததெல்லாம் எங்கே போனதோ, அவளைத் தூக்க ஓடினேன். இன்னும் ஒரு முழம்தான். யாரோ முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததில் சேற்றில் விழுந்தேன். மோட்டார் சத்தம் சரியில்லை என்று கூப்பிடாமலே வந்திருந்த டெஸ்டர்.

“தொடாதீக டீச்சர். கட்டை மேல நிக்கிற வரைக்கும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஈரத்துல நின்னுக்கிட்டு நீங்க தொட்டா ரெண்டு பேரையும் அடிச்சிரும்.”

அடுத்து அவளிடம், டீ கேட்கிற அதே குரலில், “ஆத்தா, கம்பிய விட்டுரு. அப்படியே ஸ்டூல்ல குத்தவச்சு உக்காரு. நான் சொல்ற வரைக்கும் காலக் கீழ வைக்காத” என்றார்.

விட்டாள். உட்கார்ந்தாள்.

என்னை ஓடிப்போய் மெயினை இறக்கச் சொன்னார். பெற்ற பிள்ளையை அங்கே வைத்துவிட்டு எதிர்த்திசையில் ஓடினேன். வழியெல்லாம் தலைக்கு மேல் அதே கம்பி. குனிந்தே ஓடினேன். பின்னால் அவர் ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தப்புத் தப்பாகச் சொன்னாள். தப்பாகவாவது சொல்லிக்கொண்டே இரு என்று வேண்டிக்கொண்டேன். மோட்டார் ரூமில் ஈரக்கையைக் காய்ந்த சாக்கில் துடைத்து, பலகை மேல் ஏறி நின்று லீவரை இறக்கினேன்.

திரும்பி வந்தால், அவளைத் தொட விடவில்லை. டெஸ்டரை ஒவ்வொரு கம்பியாக வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஒரு டீச்சர் பேசக்கூடாத வார்த்தைகளில் நான் திட்டினேன். நன்றாகத் திட்டும்படி சொல்லிவிட்டு மூன்றாம் தடவையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டார்.

முந்தானையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அதற்குள் நான் பிள்ளையைத் தொட்டிருந்தால், கையைப் பிடித்த அவரும் சேர்ந்து போயிருப்பாராம், காய்ந்த துணி கடத்தாதாம். சொல்லிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. கொடுத்த தண்ணீர் முழுக்கச் சட்டையில் சிந்தியது. அவருக்கும் அடித்துவிட்டதோ என்று நான் பதறினேன்.

யாரோ சொல்லி அவர் மனைவி ஓடிவந்தார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, தண்ணீரைத் தானே புகட்டினார்.

“பயப்படாதீக டீச்சர், சித்த நேரத்துல சரியாயிரும். இவுகளுக்குக் கரண்டுன்னா அம்புட்டுப் பயம். எங்க வீட்டுல பல்பு மாத்துறதே நான்தான்.”