காப்பியைத் தொடாமல் போகும் விருந்தாளி

அன்பு மருமகள் ருதைனாவுக்கு,

கனடாப் பனியில் உன் மூக்கு சிவக்காமலும் உன் அம்மாவின் முட்டி வலிக்காமலும் இருக்க துஆ செய்துவிட்டு, ஸல்ட் மலைச்சரிவிலிருந்து உன் தாய்மாமன் அபூ நவ்வாஃப் எழுதுவது. நானும் உன் அத்தையும் நம் காப்பிக்கடையும் சுகம். இனி நான் சொல்லப்போவதை ஜோர்டான் முழுக்கத் தேடினாலும் நம்ப ஓர் ஆள் கிடைக்கமாட்டான். நீயும் நம்ப வேண்டாம், கடைசி வரை படித்தால் போதும்.

நம் கடையின் வலைத்தளத்துக்கு யார் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்று காட்டும் கருவியை அங்கிருந்தபடியே பொருத்திக் கொடுத்தாயே, அன்றைக்குப் போனது இந்த வீட்டின் நிம்மதி. உன் தாத்தாவுக்கு இதெல்லாம் எங்கே இருந்தது? காப்பி வறுக்கும் அடுப்பின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டதும், "அபூ ஸக்ர் வர்றான், வீட்ல திட்டு வாங்கியிருக்கான், ஏலக்காயைத் தூக்கலாப் போடு" என்பார். ஒருமுறை டமாஸ்கஸில் யாரோ தும்மியதைக் கேட்டு அவருக்கும் சேர்த்து அரைத்து வைத்தார். மறுநாள் அந்த மனிதர் வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டே வாங்கிப் போனார். தெருவே வறுத்த வாசனையில் மிதக்கும், எங்கள் கண்ணிமையில்கூடக் காப்பித்தூள் படிந்திருக்கும். இன்று எனக்கு வாய்த்தது ஒரு திரையும் அதில் நெளியும் ஒரு கோடும்தான்.

முதல் நாளே திரையில் 'இப்போது உள்ளே இருப்பவர்: ஒருவர்' என்று வந்தது. உன் அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காப்பிக் கூஜாவை அடுப்பில் ஏற்றிவிட்டாள். விருந்தாளி உள்ளே இருக்கிறார் என்று எழுத்திலேயே காட்டும்போது சும்மா உட்கார்ந்திருக்க அவள் என்ன நாதியற்ற வீட்டிலா பிறந்தாள்? பேரீச்சையும் கோப்பையும் கணினிக்கு முன்னால் வருவதற்குள் ஆள் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. பழைய படங்கள் இருக்கும் பக்கத்துக்கு வருகிற ஒன்றிரண்டு பேரும் எதையும் தொடாமல் திரும்புகிறார்கள், அந்தப் பக்கத்தால் பயனில்லை, வெள்ளிக்கிழமை எடுத்துவிடுகிறேன் என்று நீயும் எழுதிவிட்டாய்.

டாக்ஸி ஓட்டும் பக்கத்து வீட்டு அபூ ஸக்ரிடம் சொல்லி அழுதேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "காப்பியைத் தொடாம உட்கார்ந்திருக்கறவன் ஏதோ கேட்டு வந்தவன்டா. 'குடிங்க, வந்த காரியம் ஆச்சு'ன்னு நீ வாயைத் திறக்காம அவன் எப்படிக் குடிப்பான்? இதுகூடத் தெரியாம உன் மருமக என்னத்தைப் படிச்சா?" என்றான். எனக்குச் சுரீர் என்றது. விஷயம் பரவி, ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் மேலங்கி போர்த்திக்கொண்டு வந்து திரையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள். இடமில்லாமல் போன பாதி ஊர் கூரைமேல் ஏறிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து பிரேசிலிலிருந்து ஒருவர் உள்ளே வந்தார். உன் அம்மா சின்ன வயதில் ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து கால் ஆட்டும் படம் இருக்கிறதே, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறெதையும் தொடவில்லை. நான் எழுந்து, மார்பில் கை வைத்து, "குடிங்க ஐயா, நீங்க கேட்டது கிடைச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது: மேலங்கி போட்ட பெரியவர்கள் கூடியிருக்கும் கூடத்தில் ஒருவர் காப்பியைத் தொடாமல் இருக்கிறார் என்றால் பெண் கேட்டுத்தானே வந்திருப்பார்? பெண்கள் குலவையிட்டதில் மலையே அதிர்ந்தது. நம் வீட்டில் கல்யாணமாகாத பெண் நீ ஒருத்திதானே. ஆகவே, மருமகளே, பிரேசிலில் உனக்கு நிச்சயம் ஆகிவிட்டது. அங்கே மன்சாஃப் சமைக்க நல்ல ஆட்டுக்கறி கிடைக்குமா, பிள்ளை ஏற்கெனவே இளைத்திருக்கிறாளே என்பதுதான் உன் அத்தையின் ஒரே கவலை. இந்த நிலையில் நீ பக்கத்தை எடுத்துவிட்டால் மாப்பிள்ளை எந்த வாசலுக்கு வருவார்? ஊருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இறைவன் உன் கைக்கு வேலையும் உன் வீட்டுக்கு வெளிச்சமும் குறையாமல் தரட்டும். அக்காவுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
உன் மாமா அபூ நவ்வாஃப்

பி.கு.: பிரேசில்காரர் என்று யாரும் கிடையாது. பெரியவர்கள் வரவில்லை, கூரை பத்திரமாக இருக்கிறது, நீ யாருக்கும் நிச்சயிக்கப்படவில்லை. உன் அத்தை வைத்த காப்பிகூட எனக்குத்தான். டமாஸ்கஸ் தும்மலையும் தள்ளிவிடு. ஒரே ஒரு சின்ன விஷயம் உண்மை. ஒருவர் தினமும் அந்தப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு எதையும் தொடாமல் போகிறார். உன் கருவி அதைக் காட்டாது. நம் ஆட்கள் பார்ப்பது வாடிக்கையாளர் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாதே என, உன் வீட்டிலிருந்து திறப்பதை எண்ண வேண்டாமென்று அதற்குச் சொல்லி வைத்தவள் நீதானே. நீ வேலைக்குக் கிளம்பியதும் அக்கா திறப்பாளாம். நேற்றுப் போனில் என்னிடம், "அவகிட்ட சொல்லிடாதே தம்பி, எடுக்கறதுன்னா எடுக்கட்டும்" என்றாள். நான் சொல்லவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.