ஒற்றைச் சாக்ஸ் பருவம்

முழங்கால் தைலமே காப்பு!

நகரத்து மாந்தரையெல்லாம் பன்னிரண்டாம் மாடிக்கு நோகாமல் ஏற்றி, நோகாமல் இறக்கிவிட்டு, தான் மட்டும் பயிற்சிக்காகப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறும் பெருந்தகை, லிஃப்ட் பழுதுநீக்கும் வித்தகன், முன்னூற்றுப் பதினோரு நாள் ஒரு நாளும் தவறாது ஓடிய ஓட்டவேந்தன், கால் கட்டைவிரல் நகங்கள் இரண்டையும் மாரத்தானுக்கே ஈந்த வள்ளல் வாழ்க! அவன் குதிகால் வாழ்க! கூப்பிடாமலே வந்து பிடித்துக்கொள்ளும் அவனது கெண்டைச்சதையும், போனால் போகிறது, வாழ்க!

அத்தகையோன், முன்னூற்றுப் பன்னிரண்டாம் நாள் காலை ஐந்தேகால் மணிக்கு, கீழ்வானம் செம்மை பூசத் தொடங்கிய நல்வேளையில், கட்டில் விளிம்பில் அமர்ந்து வலக்காலில் சாக்ஸ் அணிந்தான். மற்றொன்றைக் கையில் எடுத்தான். எடுத்த கை எடுத்தபடி நின்றது.

போர் மூண்டது.

மதயானையென முதுகுக்குப் பின்னே அசையாது கிடந்தது மெத்தை. பகைவனை அணைத்தே வீழ்த்தும் மாயம் கற்ற போர்வை அதன்மேல் சுருண்டிருந்தது. எதிரணியிலோ, அவனது மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் ஒன்றே ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விர்ரென்று நடுங்கி, "எழுக! நகர்க!" என்று முழங்கிக்கொண்டிருந்தது. இடையே நம் வீரன், பாதி போர்க்கோலத்தில், சாக்ஸை வாளென ஏந்தி, சுவரையே வெறித்தான்.

ஓட்டம் என்றால் பள்ளி மணி கேட்ட பிள்ளைபோல் துள்ளிய உள்ளம்தான் அது. இரண்டு மாதமாக ஈரப் பட்டாசாகக் கிடந்தது. மருத்துவரிடம் போய்க் குழல் குழலாய் ரத்தம் கொடுத்துப் பார்த்தான். அறிக்கையில் இரும்பு இருந்தது, சர்க்கரை அளவோடு இருந்தது. ஓடும் ஆசை மட்டும் எந்த வரியிலும் காணப்படவில்லை. ஆயினும் ஓடினான். ஒரு நாள் நின்றால் இனி ஆயுளுக்கும் ஓடமாட்டோம், ஓட்டக்காரன் என்று நாலு பேர் சொல்வதும் போய் வெறும் லிஃப்ட்காரன் ஆகிவிடுவோம் என்னும் குலைநடுக்கமே அவனை நாள்தோறும் தெருவில் விரட்டியது.

நாழிகைகள் உருண்டன. சிலந்தி ஒன்று அவன் முழங்கைக்கும் மேசை விளக்குக்கும் இடையே வலை கட்டி, இரண்டு கொசுக்களையும் பிடித்து முடித்தது. நம்பாதவர்கள் அந்தச் சிலந்தியையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்போது, ஈரக்கூந்தல் முடிந்து, இருபத்திரண்டு பிள்ளைகளை அள்ளிச் செல்லும் பள்ளி வேனின் சாவியைக் கையில் சுழற்றியபடி, இல்லத்தரசியும் வேன் ஓட்டுநருமாகிய வீராங்கனை வாயிலில் தோன்றினாள்.

"ஏங்க, நான் குளிக்கப் போறப்பவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீங்க. குளிச்சு, சமைச்சு, வேனுக்குக் காத்தடிச்சிட்டும் வந்துட்டேன். அந்த சாக்ஸ் என்ன, கடிச்சிடுமா?"

"முன்னூத்திப் பதினோரு நாள்டி! இன்னிக்கு விட்டா எல்லாமே போச்சு!"

"எங்க போகும்? ஓடினது ஓடினதுதானே? யாராவது வந்து திருப்பிக் கேக்கப்போறாங்களா?" என்றவள் சற்றே குனிந்தாள். "மொதல்ல காலைப் பாருங்க. இடது சாக்ஸை வலது கால்ல மாட்டியிருக்கீங்க."

ஓட்டக்காரர்களுக்கென்று தனியே நெய்யப்படும் சாக்ஸில் இடம், வலம் என்று குறி இருக்கும். பூமண்டலத்தில் அதைப் பொருட்படுத்துகிறவர்களும் அவர்கள் மட்டுமே. ஒன்றரை மணி நேரப் போரில் ஈட்டிய ஒரே வெற்றியும் தவறான காலில் ஈட்டியது என்று கண்ட நாயகன், அண்டம் கிடுகிடுக்க ஒரு பெருமூச்செறிந்து, அந்தச் சாக்ஸை உருவினான்.

உருவியதும், ஆகா! சிறைமீண்ட இளவரசர் ஐவரென விரல்கள் விரிந்தன. விசிறிக்காற்று அவற்றிடையே தவழ்ந்தது. உள்ளங்காலில் தொடங்கிய குறுகுறுப்பு முழங்கால் ஏறி, இடுப்பேறி, இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அவன் வாயைத் திறந்து ஒரு சிரிப்பாய் வெளிவந்தது. சிரித்தவாறே கைபேசியை எடுத்து, தன் ஓட்டப்படையின் எண்மரும் கூடும் வாட்ஸப் அவையில் அறிவித்தான்: "இன்னிக்கு நான் வரல. முடியல."



முதலில் முழங்கியவர், மழையிலும் தவறாதவர் என்று புகழ்பெற்ற படைத்தலைவர், பல் வைத்தியர்: "அப்பாடா! யாராவது சொல்லமாட்டாங்களான்னு ஒரு மாசமா காத்திருக்கேன். ஷூவெல்லாம் போட்டுட்டு சோபாலயே கிடக்கேன்யா!"

அடுத்துத் துணிக்கடைக்காரர்: "உங்க எல்லாருக்கும் பயந்துதான் நான் ஓடிட்டிருந்தேன்."

வங்கியில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இருவரும்: "நாங்க இன்னும் கண்ணே முழிக்கல அண்ணா. கனவுலதான் டைப் பண்றோம்."

ஒருவருக்கொருவர் அஞ்சி ஊர்வலம்போல் ஓடிய அந்த எண்மரும் ஒரே கணத்தில் தத்தம் இல்லங்களில் தொப்பென்று சாய்ந்த பேரொலியில் புறாக்கள் பதறிப் பறந்தன. நகரத்து லிஃப்டுகள் தாமே ஒரு மாடி இறங்கின. தோல்வியெனும் பெயர்பூண்ட அப்பெருவெற்றியைக் கண்டு போர்வை மெல்ல எழுந்துவந்து வீரனின் தோளில் பொன்னாடையாய்ப் படர்ந்தது.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை சாயங்காலம், யாரும் விரட்டாமலே மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தான்.