பூ ஏலத்தில் ஒலித்தூய்மை

சங்கரன்கோவில் பூச்சந்தையில் நாகரிகம் பிறந்தது போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு. பிறப்பித்தவன் அடியேன், பூ வியாபாரிகள் நலக் குழுவின் செயலாளர்.

குற்றாலத்தில் மூன்று நாள் 'உச்சரிப்புத் திறன்' முகாமுக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியிருந்தேன். அதன் பிறகுதான் எங்கள் ஏலக்காரர் மாரிராஜின் அட்டூழியம் காதில் உறைத்தது. அறுநூற்று ஐம்பது ரூபாயை 'அர்நூத்தம்ருவா' என்கிறார்! வேகமாகப் பேசினால் ஒலிகள் ஒட்டும், தேயும், சில காணாமலே போகும் என்று முகாமில் சொன்னார்கள். அது இயல்புதான் என்றும் சொன்னார்களாம். அந்த நேரம் நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

குழு ஏகமனதாகத் தீர்மானித்தது: இனி ஒவ்வோர் எழுத்தும் முழுசாக ஒலிக்க வேண்டும். தேய்த்தால் அந்த மூட்டைக்கு மறு ஏலம்.

"அண்ணாச்சி, ஒரே மூச்சுல சொன்னாத்தான் ஏலம் ஓடும்," என்றார் மாரிராஜ். "நிறுத்திச் சொன்னா எல்லாவனும் யோசிக்க ஆரம்பிச்சிருவான்."

"யோசிக்கட்டும் வே. அதுதான் முன்னேற்றம்."

"அறு... நூற்று... ஐம்... பது..." என்று தொடங்கினார். எனக்குப் புல்லரித்தது. ஏழரைக்கு முடிகிற ஏலம், ஒன்பது மணிக்கு நான்காவது மூட்டையில் கம்பீரமாக நின்றது. பதினோராவது மூட்டை பனவடலிசத்திரம் சீனியம்மாளுடையது. மல்லிகை மொட்டு. வெயில் ஏறி மொட்டு சிவந்துவிட்டால் யாரும் தொட மாட்டார்கள்.

"தோட்டத்து மோட்டார் எரிஞ்சு போச்சு அண்ணாச்சி. இந்தப் பூ போனாத்தான் அதைச் சரிபண்ண முடியும். இல்லன்னா செடியும் கருகிரும். என் மூட்டைய முன்னால எடுக்கச் சொல்லுங்க."

"முதலில் உச்சரிப்பு," என்றேன்.

அவள் பூவை வழக்கமாக எடுக்கும் கடையநல்லூர் வியாபாரி முகம்மது அப்சல் எழுந்துவிட்டார். "பதினோரு மணிக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கழுத்துல உச்சரிப்பையா கட்டித் தொங்கவிடுவேன்? தென்காசியில பூ பாத்துக்கிடுதேன், வாரேன்." அவர் வேன் கிளம்பியதும் மற்றவர்களும் நழுவினார்கள்.

சீனியம்மாளின் மூட்டையை அவிழ்த்தபோது மொட்டெல்லாம் சிவந்து துவண்டு கிடந்தது. மாரிராஜ் கடமை தவறாமல் "நூ... று..." என்றார். கேட்க ஆளில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனாலும் பதவி என்று ஒன்று இருக்கிறதே!

"புகார் இருந்தால் தெளிவாகச் சொல்லலாம்," என்றேன் பெருந்தன்மையோடு.

அவள் என் முகத்தைப் பார்த்து, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னாள்: "என்... பூவை... கெடுத்தது... நீரு."

ஓர் ஒலிகூடத் தேயவில்லை. சந்தை முழுக்கக் கேட்டது. என் இயக்கத்தில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். சான்றிதழை எந்த முகத்தோடு போய்க் கொடுப்பது?