ஞாயிற்றுக்கிழமை மரநாய்

தலைக்குமேல் ஒரு திராட்சைக் குலை தொங்குகிறது, அது எந்த நேரமும் உங்கள் சோற்றுக்குள் விழலாம் என்றால் என்ன செய்வீர்கள்? கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவீர்கள். தர்ஷன் அதைக்கூடச் செய்யவில்லை. கொஞ்ச நாளாக விழுந்துகொண்டிருந்த சுண்ணாம்புத் தூளைத் தேங்காய்ப்பூ என்று நினைத்துப் புட்டோடு குழைத்துச் சாப்பிட்ட மனிதர் அவர். அன்றைக்கு ஒரு முழுத் திராட்சையே சொதிக்குள் விழுந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் அந்தப் பழைய வீடு, மனைவி உஷாந்தியின் சீதனம். கூரைக் கறையான் சீதனம். கதவை இறுக்கும் கடற்காற்றும் சீதனம். சீலிங்கில் வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ சுண்ணாம்புச் சாந்தில் செய்துவைத்த திராட்சைக் கொடியும் சீதனம்தான்.

தர்ஷன் கொண்டுவந்தது இடுப்பளவு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. பிள்ளை பிறந்ததும், "ஒண்டில் அந்தப் பெட்டி இருக்கவேணும், இல்லாட்டி நாங்கள் நித்திரை கொள்ளவேணும்" என்றாள் உஷாந்தி. "மருதானையில பழைய சாமான் கடைக்குக் குடுத்திட்டன்" என்று இரண்டு கையையும் தட்டிக் காட்டினார் தர்ஷன்.

கொடுத்தாரா? சீலிங்குக்கு மேலே, கூரைக்குள் ஏற்றி ஒளித்து வைத்தார். ஞாயிறுதோறும் தாயும் பிள்ளையும் கோயிலுக்குப் போனதும் ஏணி வைத்து ஏறுவார். முழங்காலில் நின்று பெட்டிகளைத் துடைப்பார், தடவுவார், இறங்குவார். பிள்ளையைக் குளிப்பாட்டச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும் அதே ஆள்தான். கூரைக்குள் என்னவோ உலாவுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, "மரநாய்" என்று முடித்துவிட்டார்.

சொதிக்குள் விழுந்த திராட்சையை உஷாந்தி கரண்டியால் எடுத்துப் பார்த்தாள்.

"சின்னவள் தவழுற இடம் இது. நான் ரிஸ்னாவைக் கூப்பிடப்போறன்."

"ஆரது?"

"என்னோட வேலை செய்தவள். இப்ப பழைய வீட்டுச் சீலிங்குகளைச் சோதிச்சுத் திருத்துறதுதான் அவளின்ர தொழில். மேல ஏறி, ரோச் லைற் அடிச்சுப் பாப்பாள்."

"ஏறியோ?" தர்ஷனுக்குப் புரையேறியது. "ஒருத்தரும் ஏறத் தேவையில்லை! நானே சோதிக்கிறன். இந்த வீட்டு ஆம்பிளை நான். இனி உன்னட்ட ஒரு துரும்பை எடுக்கக்கூட உதவி கேக்கமாட்டன், பார்!"

"சரி. சொன்னதை மறந்திடாதேங்கோ."

பம்பலப்பிட்டியில் பழக்கடை வைத்திருக்கும் தர்ஷனுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். வீடு கூட்டும் தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்தார். காதைச் சாய்த்தார். வத்தகப்பழத்தைத் தட்டுவதுபோலச் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். மூலைகளில் 'டக், டக்' என்றது. முகம் சுளித்தார். நடுவில் 'தொம், தொம்' என்றது. முகம் மலர்ந்தார்.

"கேட்டியோ? நடுப்பக்கம் முதல்தரம்!"

"பழுத்திட்டுதோ?"

"நல்லாய்!"

"பழுத்தால் விழுமேயப்பா?"

அவருக்கு அது விளங்கவில்லை. அடுத்தநாள் கடை பூட்டி வந்தபோது, சீலிங்கில் கூரைக்குள் ஏறும் வாசலில் ஏணி நின்றது. ஏணியில் இரண்டு கால் இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் தூசியோடு ரிஸ்னா.

"அக்கா, சாந்து மரச்சட்டங்களுக்கு இடையால மேல பிதுங்கி, காய்ஞ்சு, கொளுக்கி மாதிரிப் பிடிச்சிருக்கும். நடுவில அந்தக் கொளுக்கியெல்லாம் உடைஞ்சிருக்கு. தட்டினா தொம் எண்டு கேட்குமே, அந்த இடம்தான் கழண்டிருக்கு."

உஷாந்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "முதல்தரம்," என்றாள்.

"மரநாயின்ர வேலை," என்றார் தர்ஷன்.

"மரநாய் முழங்கால்ல நிக்குமா அண்ணன்? தூசிக்குள்ள ரெண்டு முழங்கால் அடையாளம் கிடக்கு. பக்கத்தில துடைக்கிற துணியொண்டு மடிச்சு வச்சிருக்கு."

தர்ஷன் வியர்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? "அது வந்து… அந்த ஸ்பீக்கர் பெட்டிகளின்ர பாரம்…"

"பெட்டியில பாரமே இல்லையே," என்றாள் ரிஸ்னா. "ஒரு கையால தூக்கி அங்கால வச்சன். உள்ளுக்க ஒண்டும் இல்ல. பாரம் முழுக்க அந்த முழங்காலுக்குத்தான்."

சின்னவள் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உள்ளுக்கு இருந்ததையெல்லாம் எப்பவோ வித்திட்டன்," என்றாள் உஷாந்தி. "இந்தத் தொட்டில் எங்கால வந்ததெண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."

"நீ மேல ஏறினனியோ?"

"குசினித் துணி ஒவ்வொண்டாய்க் காணாமல் போனால் தேடமாட்டனோ?"

"அப்ப ஏனடி சொல்லேல்லை? இவ்வளவு நாளும் வெறும் பெட்டியை…"

"ஞாயிற்றுக்கிழமையில எண்டாலும் இந்த வீட்டில எதையோ துடைக்கிறியளே எண்டு விட்டிட்டன். சீலிங்கை உடைப்பியள் எண்டு ஆர் கண்டது?"

ரிஸ்னா சிரிப்பை விழுங்கினாள். "தொங்கிற பக்கத்தைக் கீழ இருந்து மெல்லமா மேல தள்ளிப் பிடிக்கணும். நான் மேல இருந்து சணல் துணியைச் சாந்தில தோய்ச்சு வச்சு ஒட்டுவன். காயும்வரை அசையக்கூடாது. என்னட்டத் தாங்கிப் பிடிக்கிற முட்டு ஒண்டுதான் இருக்கு. இன்னொண்டை நாளைக்கு வாடகைக்கு எடுப்பமா?"

"வாடகைக்கோ?" உஷாந்தி தர்ஷனை மேலும் கீழும் அளந்தாள். "எங்கட வீட்டில ஒண்டு சும்மாதானே நிக்குது."

அப்படித்தான் தர்ஷன் மேசைக்குமேல் ஏறினார். பலகை, பலகைக்குமேல் தலையணை, அதற்குமேல் வெள்ளைக்காரன் காலத்துத் திராட்சைத் தோட்டம். இரண்டு கையும் உச்சியில். மேலே ரிஸ்னா சாந்து குழைக்கும் சத்தம். கீழே உஷாந்தி கதிரையில் சாய்ந்து, சின்னவளுக்குச் சோறு தீத்தினாள். "அங்க பார், அப்பா வேலை செய்யிறார். நல்லாய்ப் பார், பிறகு காணமாட்டாய்!"

கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் மிதந்து மிதந்து வந்து, சரியாக அவரது மூக்கு நுனியில் இறங்கியது. தர்ஷன் ஊதிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். தோளில் தேய்க்கப் பார்த்தார், தோள் எட்டவில்லை. நேற்றுச் சொன்ன வீரவசனத்தை நினைத்துப் பல்லைக் கடித்தார். மூக்கு அதைவிட மோசமாகக் கடித்தது.

"இஞ்சாரும் உஷா," என்றார் கடைசியில், குரல் இறங்கி, "ஒருக்கா ஏறி இந்த மூக்கைச் சொறிஞ்சு விடுமன்."