இரண்டு மெடலும் ஊர்ப்பட்ட பரணும்

மெடல் வரும்வரை சாமைச்சோறு தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். காலையில் செய்த சபதம். மத்தியானம் பாவாயி கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள். சபதத்தில் களியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு உருண்டை சாப்பிட்டேன். வீரனுக்கு வைராக்கியம் வேண்டும், வயிறும் வேண்டும்.

சபதத்துக்குக் காரணம் சாமியப்பன். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரன். ஜெர்மன் சண்டையில் நானும் அவனும் பஸ்ராவில் ஒரே முகாமில் இருந்தோம். நான் ஸ்டோர் கிளார்க்கு. ராஜாவின் கம்பளி, ராஜாவின் மாவு, ராஜாவின் கழுதைகளுக்கு அடிக்கிற லாடம், எல்லாவற்றுக்கும் நான்தான் காவல். அவன் துரைமார் சமையல் கூடாரத்தில் அண்டா கழுவினான்.

போன சந்தைக்கு இறங்கிப் போனால், அவன் மார்பில் இரண்டு மெடல்! அண்டா தேய்த்த கை அல்லவா? அதே புளி, அதே சாம்பல், அதே பக்குவம். வெயிலில் என் கண் கூசியது. கத்தரிக்காய்க்காரி அவனுக்கு ஒரு கை கூடவே அள்ளிப் போட்டாள். என் கூடையில் போட்டதிலிருந்து சொத்தையில்லாத ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து என் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைப் பார்த்தேன். மெடல் என்ற இடத்தில் ஒரு கோடு. குறுக்கே, அலட்சியமாக, காது குடைந்துகொண்டே இழுத்த கோடு. எந்தக் குமாஸ்தாவோ என் வீரத்தை மறந்துவிட்டான்.

"ஏனுங்க, அண்டா கழுவுனவருக்கே ரெண்டுன்னா, அண்டாவுல இருந்ததத் தின்னவங்களுக்கு ஒண்ணாச்சும் குடுத்திருக்கலாமுங்க" என்றாள் பாவாயி.

"நான் காவல் காத்தவன் பாவாயி!"

"எதைங்க?"

"கம்பளியை."

"கம்பளிக்குக் காலு இருக்குதுங்களா, எந்திரிச்சு ஓடறதுக்கு?"

என் மனைவியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரியும். சிறுவயதிலேயே மலையிலிருந்து இறக்கி மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். பிறகு சேலத்தில் உத்தியோகம், பிறகு பஸ்ரா. கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் மலை ஏறினதோடு சரி. நாற்பத்தெட்டு வயதில்தான் தேவனூர் நாட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பினேன். எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தாலே அது ஒரு நாடு. இரண்டு பாஷைகளில் சிந்திக்கிறவனுக்கு எதிலும் இரண்டு பக்கம் தெரியும். பாவாயிக்கு ஒரு பக்கம்தான் தெரியும். ஆனால் அது எப்போதும் நான் பார்க்காத பக்கமாக இருக்கும்.

இப்போது எங்களுக்குள் நடந்துகொண்டிருந்த சண்டை பரணைப் பற்றியது. எங்கள் மலையில் சாமை கதிர் வாங்கிவிட்டால் காட்டுப்பன்றி இறங்கும். ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் காட்டில் நாலு கம்பு நட்டு, மேலே பரண் கட்டி, விடிய விடிய தகரம் தட்டி விரட்ட வேண்டும். குளிர் எலும்புக்குள் போய்க் குடியிருக்கும். நான் சண்டையில் இருந்த வருஷங்களில் பாவாயியின் காட்டைப் பக்கத்து வீட்டு ஆண்கள்தான் முறைபோட்டுக் காத்தார்களாம். இப்போது ஆம்பளை வந்தாயிற்று, ஏறுங்கள் என்கிறாள்.

ராஜாவின் ஸ்டோரைக் காத்தவன் பன்றிக்குத் தகரம் தட்டுவதா?

"இதோ பார் பாவாயி. மெடல் வந்துவிட்டால் நான் பரண் ஏறமாட்டேன். மெடல் குத்தின மார்பு பரணில் குந்தாது. சம்மதமா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்த யோசனையை நான் கவனித்திருக்க வேண்டும்.

"சரிங்க. மெடலு வந்துட்டா நம்ம காட்டுப் பரண்ல நீங்க ஏற வேண்டாமுங்க. அதுக்கு எந்தம்பி மாணிக்கத்தை வரச் சொல்லிக்கிறேன்."

மனைவி இவ்வளவு சுலபமாகத் தோற்றுப்போனதில் எனக்கே பரிதாபமாக இருந்தது.

அன்றே பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். என் இங்கிலீஷைப் படித்துவிட்டு நானே எழுந்து நின்றேன். துரைகள் எழுந்து நின்றார்களோ என்னவோ, பதில் வந்தது. ஏட்டில் விட்டுப்போனது உண்மையானால் திருத்தலாம். ஆனால் இந்த ஆசாமி இன்னார்தான், இன்ன சேவை செய்தார் என்று அவர் ஊரில் மதிப்புள்ள இருவர், ஊர்த் தலைவர் முன்னிலையில், சாட்சி சொல்லி ரேகை வைக்க வேண்டும்.

"ரெண்டே பேருங்களா?" என்று பாவாயி மூக்கில் விரலை வைத்தாள். "உங்க பெருமைக்கு ரெண்டு பெருவிரலு பத்துமுங்களா? ஊரே வெக்கட்டுமுங்க. ஆள் கூட்டறது என் பொறுப்பு. என்ன சேவைன்னு மட்டும் நீங்க நல்லா எழுதிக் குடுங்க."

இத்தனை வருஷம் இவளைப் புரிந்துகொள்ளாமல் போனேனே! பேனாவை எடுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாமை புடைத்தாள்.

"ராத்திரிக் காவல்னு எழுதுனீங்களா?"

"எழுதினேன்."

"ஒண்டியாளா?"

"கூட ஒருத்தன் இருந்தான்."

"அவன் மெடலை அவன் கேட்டுக்கட்டுமுங்க. ஒண்டியாளான்னு போடுங்க. மழை?"

"பஸ்ராவில் மழை எங்கே அவ்வளவாக..."

"நாலு சொட்டு பேயலீங்களா?"

"நாலு சொட்டு பெய்தது."

"அப்பறம் என்னுங்க? மழைன்னு போடுங்க. குளுரு?"

"குளிர் நிஜமாகவே உண்டு."

"பன்னி?"

நான் நிமிர்ந்தேன். உண்மையில் அந்த ஆற்றோர நாணல் காட்டில் பன்றி உண்டு. ஒன்று ஸ்டோர் பக்கம் வந்து மாவு மூட்டையை முகர்ந்து பார்த்ததும் உண்டு. நான் அப்போது மூட்டைகளின் மேலே, மிகவும் மேலே இருந்தேன்.

"பன்னியை வெரட்டுனேன்னு போடுங்க. கண்ணை மூடலீன்னு போடுங்க."

"ஒரு நாள்கூடவா பாவாயி?"

"தூங்குனவருக்கு மெடலு குடுப்பாங்களா?"

போட்டேன். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது.

ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் வாசலில் கூட்டம். அக்கம்பக்கத்து வளவுகளில் உள்ள வீட்டாரெல்லாம் வந்திருந்தார்கள். குண்டூர் நாட்டிலிருந்துகூட இரண்டு வீட்டார். கவுண்டர் கேட்டுக்கொண்டபடி நான் எழுதினதை உரக்கப் படித்தேன். மழை வந்த இடத்தில் பெண்கள் 'அடடா' என்றார்கள். பன்றியில் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் மூடாததில் கூட்டமே தலையாட்டியது.

பிறகு மையைத் தொட்டு ரேகை வைக்க வந்தார்கள். ஒவ்வொருவரும் விரலை வைக்குமுன் பாவாயியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்கள்.

"மாத்து உண்டில்ல பாவாயி?"

"உண்டுங்க."

மாத்து என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் மலையில் கூலி கிடையாது. நீ என் காட்டில் ஒரு நாள் களை எடுத்தால், பதிலுக்கு நான் உன் காட்டில் ஒரு நாள் எடுக்க வேண்டும். சாட்சி சொல்வதும் ஒரு வேலைதான். அதற்கும் மாத்து உண்டு. ஆக இத்தனை பேர் காட்டிலும் பாவாயி போய் வேலை செய்து தீர்க்கப்போகிறாள். புருஷனின் மெடலுக்காகப் பெண்சாதி குனிந்து களை எடுக்கிறாள், புருஷன் நிமிர்ந்து மெடல் குத்துகிறான். நியாயமான பங்கீடாகவே எனக்குப் பட்டது. அவள் இடுப்புக்குத் தைலம் வாங்கித் தருவதென்றுகூட மனசுக்குள் தீர்மானித்தேன். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

கடைசியாகப் பக்கத்து வீட்டு மாதம்மாள் வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணா, நெசமா தூங்கவே இல்லீங்களா?"

"கண் இமைக்கவில்லை தங்கச்சி."

"பாவாயி, நான் ரெண்டு விரலு வெக்கலாமா?" என்றாள்.

காகிதத்தில் இடம் போதவில்லை. பின்பக்கமும் வைத்தார்கள். ரெக்கார்டு ஆபீஸ் மிரண்டிருக்க வேண்டும். அடுத்த சாமை கதிர் வாங்கும் சமயம், தபால் வந்தது. ஏடு திருத்தப்பட்டது. கோடு இருந்த இடத்தில் என் வீரம் ஏறிவிட்டது. கூடவே ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு மெடல், பட்டு ரிப்பன் வைத்து.

சட்டையில் குத்திக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். நடந்தால் ஒன்றோடொன்று மோதி கிணுங் என்றது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு தரம் நடந்தேன். சாமைச்சோறு கேட்டேன். பாவாயி இரண்டு தரம் போட்டாள். மொச்சைக் குழம்பு வேறு. மச்சான் மாணிக்கம் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு எங்கள் காட்டுப் பரணுக்குப் புறப்பட்டதை, நான் வெற்றிலை மென்றபடி பார்த்தேன். அவனுக்கு ஒரு சல்யூட் அடித்தேன்.

அப்போதுதான் கருப்பண்ணன் வந்தார். பின்னாலேயே மாதம்மாளும் ஊராரும். வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்றேன். கிணுங்.

"கெளம்பலாமா தம்பி?" என்றார் கவுண்டர்.

"எங்கே?"

"மாதம்மா காட்டுப் பரணுக்கு. அவதான் ரெண்டு விரலு வெச்சவ, மொதல்ல அவ காடு. அப்பறம் எங்காடு. அப்பறம் வரிசையா மத்தவங்க காடு. குண்டூராருக்குக் கடைசியில போனாப் போதும், அவங்க கதிரு பிந்தித்தான் முத்தும்."

"மாத்துக்குப் பாவாயி களை எடுப்பாள் கவுண்டரே..."

கூட்டம் சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை.

"களைக்குக் களை, காவலுக்குக் காவல். நாங்க என்ன சாட்சி சொன்னோம்? நீ காவல் காத்தேன்னு சொன்னோம். அப்ப மாத்தும் காவல்தான். யாருக்காகச் சாட்சியோ அவனேதான் தீக்கோணும். மிஷன் பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லித் தரலியா?"

நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் என் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பஸ்ராவுல கம்பளியக் காத்தப்ப, நம்ம காட்ட இவங்கதானுங்க காத்தாங்க. பொம்பளை நான் எப்பிடிப் பரண் ஏறித் தீக்கறது? அந்த மாத்து அப்பிடியே நிக்குது. எல்லாம் ஒண்ணாத் தீரட்டும்னுதான் விரலை வெக்கச் சொன்னேன்" என்றாள், பால் காய்ச்சுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

"மெடல் வந்தால் பரண் இல்லை என்று நீ ஒப்புக்கொண்டாய்!"

"நம்ம பரண்ல ஏற வேண்டாம்னு சொன்னேனுங்க. அங்கதான் மாணிக்கம் போயிட்டானே."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். குரலைத் தாழ்த்தினேன்.

"கவுண்டரே, இது நமக்குள் இருக்கட்டும். பஸ்ராவில் நான்... கொஞ்சம் தூங்கியிருக்கிறேன். எனக்கு ராத்திரியில் கண் தெரியாது. குளிர் ஆகாது. பன்றி வந்தபோது..."

"அப்ப காயிதம் பொய்யி. ஊரு மொத்தம் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கு" என்றார் கவுண்டர். "சரி, மெடலைத் திருப்பி அனுப்பிடு. ரெக்கார்டை மறுபடியும் திருத்தி, பழைய கோட்டையே போடச் சொல்லி எழுது. உனக்குத்தான் இங்கிலீசு வருதே."

சாமியப்பனின் மார்பு என் கண்முன் வந்து பளபளத்தது. கத்தரிக்காய்க்காரி வந்தாள். எங்கோ உட்கார்ந்து காது குடையும் குமாஸ்தா, மறுபடியும் பேனாவைத் தொட்டான்.

கம்பளியை வாங்கிக்கொண்டேன்.

"தகரம் வேண்டாமா?" என்று கேட்டேன். தோற்ற பிறகும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

"வேண்டாமுங்கண்ணா" என்றாள் மாதம்மாள். "மெடலே போதுமுங்க. எங்க ஊடு பக்கத்துலதான். கிணுங் கிணுங்னு கேட்டுக்கிட்டிருந்தா முழிச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். நின்னுபோச்சுன்னா ஒரு கல்ல உட்டெறிவோம்."

பாவாயி என் சட்டையை இழுத்துச் சரிசெய்து, இரண்டு மெடலையும் இன்னும் நெருக்கமாகக் குத்திவிட்டாள், நன்றாக மோதட்டுமாம்.

எங்கள் ஊரில் மேயப்போகிற மாட்டுக்குக்கூடக் கழுத்தில் ஒரு மணிதான் கட்டுவார்கள். எனக்கு இரண்டு.