கலரா, கறுப்பு வெள்ளையா

குவைத்துக்குப் போவதில்லை என்று நான் உறுதியாக முடிவெடுத்தேன். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று அதைவிட உறுதியாக முடிவெடுத்தேன். யாரிடமும் என்றால் என் மனைவி கிருபாவதியிடம் என்று பொருள்.

என் பெயர் இஸ்ரேல். புத்தூரில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை; எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவேன். சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் இருந்தவரை மோட்டார்கள் ஓடின, எரிந்தன, என்னிடம் வந்தன. பிறகு கிணறுகள் வற்றின. ஓடாத மோட்டார் எரிவதில்லை. காலையில் தெலுங்குப் பேப்பரை முன்பக்கத்திலிருந்து படிப்பேன். மத்தியானம் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன்.

கிருபாவதியின் தம்பி இயேசுதாசன் குவைத்தில், படகுகளுக்குச் சாமான் விற்கிற கடையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, அக்காவிடம் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

“மாமா, எங்க கம்பெனியில வைண்டிங் தெரிஞ்ச ஆளு கேக்குறாங்க. விசா ரெடி. பேரு போடறதுதான் பாக்கி. உங்க பேரைப் போட்டுறவா?”

“சந்தோஷம்பா” என்றேன். என் தொண்டையிலிருந்து வேறு யாரோ பேசியது போல இருந்தது.

எங்கள் தெருவில் பல வீடுகளில் ஆள் வெளிநாட்டில். அந்த வீடுகளில் தரை பளபளக்கும். வீட்டுக்காரர் சுவரில் போட்டோவில் சிரிப்பார். உயிரோடுதான் இருக்கிறார், ஆனாலும் போட்டோவில்தான் இருக்கிறார். எதிர் வீட்டுக் குழந்தை டெலிபோன் மணி அடித்தால் “நைனா வந்துட்டாரு” என்று ஓடும். எங்கள் லீனா ஐந்தாம் வகுப்பு. கணக்கு வராது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என் முதுகில் சாய்ந்துகொண்டுதான் வாய்ப்பாடு ஒப்பிப்பாள். ஏழாம் வாய்ப்பாட்டில் இருக்கிறோம். அதை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

இதைச் சொல்ல முடியாது. சொன்னால் கோழை என்பார்கள். காலை உடைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் இது புத்தூர். எலும்பு முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வந்து கட்டுப் போட்டுக்கொள்கிற ஊர். சீக்கிரமே கூடிவிடும்.

அப்போதுதான் படகு ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டு எத்திராஜுக்குப் பிச்சாட்டூர் அணையில் ஒரு சின்ன ஃபைபர் படகு உண்டு. மீன் பிடிப்பதில் நான் பாதிக் கூட்டாளி. அதாவது, அவர் வலை வீசுவார், நான் படகில் உட்கார்ந்திருப்பேன். இயேசுதாசன் கடையில் மீன் காட்டும் மெஷின் விற்கிறார்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தான். தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். மீன் மேல் பட்டுத் திரும்பினால் திரையில் காட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அவனிடம் பெரிய மனிதன் போலப் பேசினேன்.

“எத்திராஜை நட்டாத்துல உட்டுட்டு வர முடியாதுப்பா. நீ அந்த மெஷினை அனுப்பு. நானே பூட்டி, அவருக்குக் கத்துக் குடுத்துட்டு அப்புறம் கிளம்பறேன்.”

“அதுக்கென்ன மாமா. கலரா, பிளாக் அண்டு ஒயிட்டா?”

இந்தக் கேள்விக்காக அவனை இன்றுவரை மனதுக்குள் வாழ்த்துகிறேன். பதில் சொன்னால்தான் மெஷின் வரும். மெஷின் வந்தால்தான் நான் போக வேண்டும். பதில் சொல்லாவிட்டால்?

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. கலர்த் திரை கரண்டைக் குடிக்கும். எங்கள் படகில் இருப்பது பழைய ஸ்கூட்டர் பேட்டரி. மத்தியானத்துக்குள் அது படுத்துவிடும். வைண்டிங் கடைக்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததை மறைப்பதுதான் கஷ்டம். முகத்தில் குழப்பத்தை வரவழைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தேன்.

“கலர்ல பெரிய மீன் சிவப்பாத் தெரியுமாம். பாசி பச்சையாத் தெரியுமாம்” என்பேன் எத்திராஜிடம்.

“மீனே வெள்ளையாத்தான் கீது. அதுக்கு எதுக்குப்பா கலரு?”

“பாறையை மீனுன்னு நெனச்சு வலை போட்டுட்டா?”

“இத்தினி வருஷமா அத்தத்தானே செய்யறேன்.”

அவருக்குப் பெங்களூர் மருமகன் புதிதாகக் கலர் செல்போன் வாங்கித் தந்திருந்தான். மறுநாள் அதைத் தடவிக்கொண்டே வந்து சொன்னார்: “கலரே வாங்கிடு இஸ்ரேலு. மரியாதையா இருக்கும்.”

“ஆனா கறுப்பு வெள்ளையில ஒரு தெளிவு இருக்குது பாருங்க” என்று உடனே கட்சி மாறினேன்.

கிருபாவதி அவசரப்படுத்தவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

“நிதானமா யோசிங்க. தூரதேசத்துலேருந்து வர்ற சாமான். அதுவரைக்கும் அந்தக் குடத்தைக் கொஞ்சம் எடுங்க, குழாயில தண்ணி வந்துட்டிருக்குது.”

எடுத்தேன். மனசாட்சி உறுத்தியதால் கொஞ்சம் வேகமாகவே எடுத்தேன். அப்படி ஆரம்பித்தது. முதலில் தண்ணீர். அப்புறம் மாவு மில். அப்புறம் ஒட்டடை, ரேஷன் கடை வரிசை, அவள் மாமியாரான என் அம்மாவுக்கு நாராயணவனம் வரை போய் மருந்து. எதைச் செய்தாலும் அவள் பெருமூச்சு விடுவாள்.

“போகப்போற மனுஷன். நீங்க போயிட்டா இதெல்லாம் யாரு செய்வாங்களோ.”

நான் போகப்போவதில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆகவே கூசிப்போய் இன்னும் இரண்டு குடம் பிடித்து வைப்பேன்.

நடுவில் தெருக்கோடி முனிகிருஷ்ணனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. அவனும் வைண்டிங்காரன்தான், திருப்பதியில் ஒரு கடையில் இருந்தவன். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினோம். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

“எல்லாம் உங்க புண்ணியம்ணா. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு சனிக்கிழமை, திருப்பதியில் சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள் கிருபாவதி. நானே பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டில் சமையலும் நான்தான். சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். தோளில் சுமந்து வந்து பீரோ மேல் ஏற்றிவைத்ததும் நான்தான்.

“பாத்து, பாத்து. கீழ போட்டுறாதீங்க.”

“இன்னா இது?”

“தம்பி குடுத்தனுப்பினது. கிறிஸ்மஸ் வரைக்கும் தொடக் கூடாது.”

தம்பி என்றால் குவைத். குவைத் என்றால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். “பருப்புல உப்பு சரியா இருக்குதா பாரு” என்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் புத்திசாலித்தனம் அதோடு நின்றிருக்கலாம்.

புதன்கிழமைகளில் எங்கள் சபையில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். போதகரை நாங்கள் ஐயகாரு என்போம். ஜெபிப்பதற்கு முன் அவர் ஒவ்வொருவரிடமும் விண்ணப்பம் கேட்பார். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பையனின் பரீட்சை. என் முறை வந்தது. திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. இதைக் கர்த்தர் கையில் ஒப்படைத்துவிட்டால்? அவர் அவசரப்படுகிறவர் அல்ல. அவர் முடிவு சொல்லும்வரை என்னை யாரும் நெருக்க முடியாது.

“ஐயகாரு, ஒரு காரியத்துல தேவ சித்தம் தெரியணும். மீன் மெஷின் கலரா வாங்கறதா, கறுப்பு வெள்ளையா வாங்கறதான்னு.”

ஐயகாரு கண்ணை மூடினார். திறந்தார். “இயேசுவோட சீஷர்கள்லயே மீன் புடிக்கிறவங்க இருந்தாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். உருக்கமாக ஜெபித்தார். நான் பலமாக ஆமென் சொன்னேன். கிருபாவதியின் ஆமென் எனக்குக் கேட்கவில்லை.

வாரங்கள் ஓடின. என் விண்ணப்பம் சபையில் நிலைத்துவிட்டது. சபையே இரண்டாகப் பிரிந்தது. பாடகர் குழு கலர். மூப்பர்கள் கறுப்பு வெள்ளை. முழங்கால் வலிக்காரர் தன் வலியைச் சொல்ல மறந்துவிட்டு எனக்காக ஜெபித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “இன்னா பிரதர், பதில் வந்துச்சா?” என்று கேட்காத ஆள் இல்லை. “காத்திருக்கேன்” என்பேன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. நானே என்னை நம்பிவிடுவேன் போல இருந்தது.

ஒன்றை மட்டும் நான் மறந்துபோனேன். எங்கள் சபையில் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தால், அதை யாராவது எழுந்து எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப்பின் மாற்றிப் பேசினவர்கள் இந்தச் சபையின் சரித்திரத்தில் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயகாரு, “யாருக்காவது சாட்சி உண்டா?” என்றார். பெண்கள் பக்கத்தில் ஒரு புடவை எழுந்தது. ஈஸ்டருக்கு நான் எடுத்துத் தந்த புடவை.

“என் வீட்டுக்காரரு மெஷின் விஷயமா சபையா ஜெபிச்சீங்க. கர்த்தர் எனக்குக் காட்டினாரு” என்றாள் கிருபாவதி. குரல் நடுங்கவே இல்லை. “மொட்டை மாடியில மொளகா காயவெச்சிக்கினு இருந்தேன். நல்ல வெயிலு. பக்கத்து மாடியில எத்திராஜண்ணன் போனு அடிக்குது. கலர் போனு. யாரு கூப்புடறாங்கன்னு பாக்கறாரு, தெரியலை. கையை வெச்சு மறைக்கிறாரு, தெரியலை. கடைசியா தலைமேல துண்டைப் போட்டுக்கினு, உள்ள பூந்து பாக்கறாரு. அதுக்குள்ள அடிச்சு நின்னுபோச்சு. நான் என்னோட கறுப்பு வெள்ளைப் போனை எடுத்து வெயில்ல பாத்தேன். கண்ணாடி மாதிரி தெரியுது. நடு அணையில, நடு வெயில்ல, துண்டைப் போட்டுக்கினு மீன் புடிக்க முடியுமா? கறுப்பு வெள்ளைதான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை. மூப்பர்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. கலர்க் கட்சியும் தலையாட்டியது. பேட்டரியைப் பற்றி மட்டுமே யோசித்திருந்த எனக்கு வெயில் தோன்றவே இல்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவள் காணிக்கைப் பையில் பணத்தைப் போட்டாள். அவ்வளவுதான்.

வெளியே வரிசையாகக் கை குலுக்கினார்கள். “அப்புறம் எப்போ குவைத்து, பிரதர்?” ஐயகாரு என் தோளைத் தட்டினார். “போய் வாங்க. குடும்பத்தை நாங்க பாத்துக்கறோம்.” லீனா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏழேழு நாற்பத்தொன்பது என்று தானாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கிருபா, எனக்குக் குவைத்துக்குப் போக இஷ்டம் இல்லை.”

“தெரியும்” என்றாள். கோழிக்கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்போலேருந்து?”

“சந்தோஷம்பான்னு போன்ல சொன்னீங்களே, அப்போலேருந்து. ஆடு வெட்டுற எடத்துல நிக்கிற ஆடு மாதிரி சொன்னீங்க.”

“விசா?”

“அது எப்பவோ முனிகிருஷ்ணனுக்குப் போயிருச்சு. அடுத்த வாரமே தம்பிகிட்ட சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரு வர மாட்டாரு, வேற ஆளைப் போடுன்னு.”

ரேணிகுண்டா ஸ்டேஷன் என் கண் முன்னால் வந்தது. என்னுடைய விசாவுக்கு நானே கையசைத்திருக்கிறேன். பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் கொடுத்து வேறு அனுப்பியிருக்கிறேன்.

“அப்போ மெஷின்?”

அவள் பீரோவின் உச்சியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“கறுப்பு வெள்ளை” என்றாள். “லீவுல வந்த கடப்பாக்காரர்கிட்ட குடுத்தனுப்பினான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுல வாங்கினேன்.”

“இன்னிக்கித்தான் கர்த்தர் காட்டினாருன்னு சாட்சி சொன்னே?”

“இன்னிக்கின்னு சொன்னனா? காட்டினாருன்னுதான் சொன்னேன். போன கோடையில காட்டினாரு. நீங்க என்னை ஏமாத்தினவரைக்கும் பரவாயில்லை. சபையையே முழங்கால் போட வெச்சீங்க பாருங்க, அது தாங்கலை. அந்தப் பெரியவருக்கு முழங்காலே சரியில்லை.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாக இந்தச் சிரிப்பு உள்ளே காத்திருந்தது என்று தெரியவில்லை. லீனா ஓடி வந்து, என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். குவைத் இல்லை. விமானம் இல்லை. சுவரில் போட்டோ இல்லை. எட்டாம் வாய்ப்பாடு தொடங்கலாம்.

“ஏன் கிருபா, முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீங்க போகாம இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?” என்றாள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று நினைக்கிறேன். “சொல்லியிருந்தா தண்ணி யாரு புடிச்சிருப்பாங்க?”

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்தேன். காலை நீட்டினேன்.

“நல்லது. எல்லாம் வெளிய வந்தாச்சு. இனிமேல் குடம் தூக்கறது, மாவு மில்லுக்குப் போறது, இதெல்லாம் இந்த வீட்டுல நான் செய்யப்போறதில்லை.”

“சரிங்க” என்றாள் கிருபாவதி மரியாதையாக. “வெள்ளிக்கிழமை தம்பி போன் பண்ணுவான். இன்னொரு விசா வந்திருக்குதாம்.”

தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. எழுந்தேன். சமையலறை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் காலியாக இருந்தன.

“பச்சையா, நீலமா?” என்று கேட்டேன்.

“ரெண்டும்” என்றாள்.